படத்துக்கு நின்றவர்களா?

கேள்வி: தென்னாப்பிரிக்காவில் 1956இல் நடந்த பெண்கள் பேரணியை, எல்லா இனத்தாரும் சேர்ந்து நடத்தியது என்று சென்ற இதழில் புகழ்ந்திருந்தீர்கள். பாஸ் சட்டம் கறுப்பினப் பெண்களைத்தானே குறிவைத்தது? பாதிக்கப்படாத வெள்ளைக்காரிகளும் இந்தியப் பெண்களும் முன்வரிசையில் போய்ப் படத்துக்கு நின்றதில் என்ன பெருமை?
— ஒரு வாசகர், மயிலாடுதுறை

பதில்: பாஸ் கறுப்பினப் பெண்களுக்குத்தான் என்பது சரி. அன்று பிரிட்டோரியாவில் திரண்ட சுமார் 20,000 பேரில் மிகப் பெரும்பாலானவர்கள் அவர்களே. மற்றவர்கள் கொஞ்சம் பேர்தான். அந்தக் கொஞ்சம் பேர் எப்படி அங்கே வந்தார்கள் என்பதில்தான் நீங்கள் கோட்டை விட்டுவிட்டீர்கள்.

பாஸ் என்றால் பஸ் பாஸ் மாதிரி ஒரு சீட்டு அல்ல. எந்த ஊரில் இருக்கலாம், யாரிடம் வேலை செய்யலாம் என்பதெல்லாம் எழுதிய புத்தகம். முதலாளி அதில் கையெழுத்துப் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். கையில் இல்லாமல் தெருவில் பிடிபட்டால் சிறை. ஆண்கள் வெகுகாலமாக அதைச் சுமந்தார்கள். வெறுப்பில் 'டோம்பாஸ்', அதாவது மடப் பாஸ், என்று பெயரும் வைத்திருந்தார்கள். அதை நாடு முழுக்கப் பெண்கள் தலையிலும் கட்ட 1950களில் அரசு இறங்கியது. கடைக்குப் போன தாய் லாக்கப்புக்குப் போனால் வீட்டில் இருக்கும் கைக்குழந்தை என்ன ஆகும் என்பதுதான் பெண்களின் முதல் பயம்.

பேரணிக்கான யோசனை முளைத்தது 1955இல். அந்த வருடம் வெள்ளைக்காரப் பெண்கள் சிலர் வேறொரு சட்டத்தை எதிர்த்து, பிரிட்டோரியாவில் அரசுத் தலைமையகமான யூனியன் கட்டடத்தில் போராட்டம் நடத்தினார்கள். கறுப்பினப் பெண்களை அதற்குக் கூப்பிடவில்லை. பிறகு நடந்த ஒரு தாய்மார் கூட்டத்தில் ஒரு பெண் எழுந்து பேசினார். அவர்கள் நம்மை அழைக்கவில்லை, ஆனால் நாம் போகும்போது எல்லா இனப் பெண்களையும் அழைத்துக்கொண்டு போவோம் என்பதுதான் அவர் பேச்சின் சாரம். விட்டுப்போனவர்கள் பந்தி போட்டு, தங்களை விட்டவர்களுக்கும் இலை போட்டார்கள். ஆக, நீங்கள் சொல்லும் வெள்ளைக்காரிகளும் இந்தியப் பெண்களும் தாமாக முன்வரிசையில் போய் நிற்கவில்லை, அழைப்பின்பேரில் வந்தவர்கள். 1955 அக்டோபரில் 2,000 பேர் போனார்கள். மறு ஆண்டு ஆகஸ்ட் 9 அன்று அதைப் போலப் பத்து மடங்கு.

அந்த நாள் ஒரு வியாழக்கிழமை. வீட்டு வேலை செய்யும் பெண்களுக்கு வழக்கமான ஓய்வு நாள் அது. ஊர்வலத்துக்குத் தடை போட்டிருந்தார்கள். சரி, ஊர்வலம்தானே கூடாது? மூன்று பேருக்கு மேல் சேராமல் சின்னச் சின்னக் கூட்டமாக நடந்தே போய் யூனியன் கட்டடத்தின் திறந்தவெளி அரங்கை நிரப்பிவிட்டார்கள். முதுகில் கட்டிய குழந்தைகள், ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸின் பச்சை, கறுப்பு, பொன் நிற உடைகள், வெள்ளைப் புடவை கட்டிய இந்தியப் பெண்கள். வேலை செய்யும் வீட்டு வெள்ளைக் குழந்தைகளையும் இடுப்பில் தூக்கிக்கொண்டு சில ஆயாக்கள் வந்திருந்தார்கள் (அந்தக் குழந்தைகளின் அம்மாக்களுக்குத் தெரியுமோ என்னவோ!).

பிரதமர் ஸ்ட்ரைடம் ஆளில்லை. மனுக்கட்டுகளை அவர் அலுவலகத்தில் குவித்துவிட்டு வந்து, 20,000 பேரும் அரை மணி நேரம் வாய் திறக்காமல் நின்றார்கள். அப்புறம்தான் பாட்டு. பெண்ணைத் தொட்டாய், 'இம்போகோடோ'வைத் தொட்டாய் என்று அவரைப் பெயர் சொல்லிப் பாடினார்கள். ஆங்கிலம் வழியே நமக்கு அது 'பாறை' என்று வந்து சேர்ந்தது. மாவரைக்கும் கல்லுக்கும் அதே சொல்தான். நாம் தமிழில் குழவிக்கல் என்றே சொல்லலாம், அம்மியும் ஆட்டுக்கல்லும் தெரிந்தவர்களுக்கு விளக்கம் வேண்டாம்.

இனி முன்வரிசைக்கு வருவோம். தலைமை தாங்கியவர் லிலியன் இங்கோயி, கறுப்பினத்தவர், தையல் தொழிற்சாலைத் தொழிலாளி. பக்கத்தில் ரஹிமா மூசா, இந்திய வம்சாவளி, அன்று கர்ப்பிணி. சோஃபியா வில்லியம்ஸ், அரசு 'கலப்பினம்' என்று முத்திரை குத்தியவர், வயது 18. நான்காவது ஹெலன் ஜோசப், இங்கிலாந்தில் பிறந்து, நம் ஹைதராபாத்தில் சில வருடம் பள்ளி ஆசிரியையாக இருந்து, பிறகு அங்கே போனவர். நால்வரும் மனுக்கட்டுகளோடு நிற்கும் புகைப்படம் புகழ்பெற்றது. படத்துக்கு நின்றார்கள்தான், மறுக்கவில்லை. அதே டிசம்பரில் 156 பேர் மீது போட்ட தேசத்துரோக வழக்கில் லிலியனும் ஹெலனும் சிக்கினார்கள். 1961இல்தான் விடுதலைத் தீர்ப்பு. அடுத்த வருடமே ஹெலன் வீட்டுக்காவலில் வைக்கப்பட்டார். அந்த நாட்டில் அப்படி வைக்கப்பட்ட முதல் ஆள் ஒரு வெள்ளைக்காரி. லிலியன் 1980இல் இறந்தபோதும், கூட்டங்களுக்குப் போகக் கூடாது, அவர் பேச்சை யாரும் வெளியிடக் கூடாது என்ற தடையாணை அவர் மீது இருந்தது. ஒரு படத்துக்கு இது கொஞ்சம் அதிக விலை இல்லையா?

நீங்கள் மயிலாடுதுறைக்காரர் என்பதால் இன்னொன்று. தில்லையாடி உங்களுக்குக் கூப்பிடு தூரம். 1913இல் தென்னாப்பிரிக்காவில் தமிழ்ப் பெண்கள் ட்ரான்ஸ்வால் மாகாணத்திலிருந்து அனுமதிச் சீட்டில்லாமல் நேட்டால் மாகாண எல்லை தாண்டி, நியூகாசில் சுரங்கத் தொழிலாளர்களை வேலைநிறுத்தத்துக்கு இழுத்தார்கள். அந்தப் போராட்டத்தில் சிறைக்குப் போய், காய்ச்சலோடு வெளியே வந்து, 16 வயதில் இறந்தவர் வள்ளியம்மை. அதே 1913இல் புளூம்ஃபோன்டைன் நகரில் கறுப்பினப் பெண்கள், அங்கே அப்போதே அவர்கள் மீதும் இருந்த பாஸைக் கிழித்தெறிந்துவிட்டுச் சிறைக்குப் போனார்கள். ஒரே நாடு, ஒரே வருடம், இரண்டு பக்கமும் கையில் சீட்டு இல்லை என்பதுதான் குற்றம். ஆனாலும் இவர்கள் போராட்டத்துக்கு அவர்கள் போகவில்லை, அவர்களுடையதற்கு இவர்கள் போகவில்லை.

வெள்ளைப் புடவைகள் பிரிட்டோரியாவில் படியேற அதற்கப்புறம் 43 வருடம் ஆயிற்று. அதில் என்ன பெருமை என்று கேட்டீர்கள். எனக்கு அது தாமதமாகத்தான் படுகிறது.