வாகடூகுவின் குதிரையும் பெண் இயக்குநர்களும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

மாலி நாட்டு இயக்குநர் சுலேமான் சிஸே பற்றி நீங்கள் எழுதிய அஞ்சலியைப் படித்துவிட்டு, புர்கினா ஃபாசோவின் தலைநகர் வாகடூகுவில் நடக்கும் ஆப்பிரிக்கத் திரைப்பட விழாவான ஃபெஸ்பாகோவில் முதல் பரிசு வாங்கிய படங்களை ஒவ்வொன்றாகத் தேடிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பாதிக்கு மேல் கிடைக்கவே இல்லை. கிடைத்தவரை பிரமாதம். இரண்டு கேள்விகள். அந்தப் பட்டியலில் ஒரு பெண் பெயர்கூட என் கண்ணில் படவில்லையே, நான்தான் தவறவிட்டேனா? இரண்டாவது, கான், பெர்லின் பட விழாக்கள் என்று வெளியே பரிசு வாங்கியவரைத்தானே உலகம் பெரிய இயக்குநர் என்கிறது, புர்கினா ஃபாசோவில் தரும் பரிசுக்கு அப்படி என்ன எடை?

ம., மதுரை

அன்புள்ள ம.,

நீங்கள் எதையும் தவறவிடவில்லை. 1972-ல் நைஜர் நாட்டின் உமாரு கண்டா வாங்கியதிலிருந்து 2025-ல் புர்கினா ஃபாசோவின் டானி குயாத்தே வாங்கியது வரை, ஃபெஸ்பாகோவின் முதல் பரிசான யென்னெங்கா குதிரை ஒரு பெண் இயக்குநரின் கைக்குப் போனதே இல்லை. இது ஏன் இவ்வளவு உறுத்துகிறது என்று சொல்வதற்கு உங்கள் இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

விழா தொடங்கியது 1969 பிப்ரவரியில். நாட்டுக்கு அப்போது மேல் வோல்டா என்று பெயர். பிரெஞ்சு ஆட்சி போய் ஒன்பது வருடம் ஆகியும் ஊரில் இருந்த சினிமா கொட்டகைகள் பிரெஞ்சு கம்பெனிகள் கையில்தான் இருந்தன, அங்கே என்ன ஓட வேண்டும் என்பதும் அவர்கள் முடிவுதான். 1970-ல் அரசாங்கம் கொட்டகைகளை நாட்டுடைமை ஆக்கியது. ஆக அந்த விழா, ஆப்பிரிக்கர் எடுத்த படத்தை ஆப்பிரிக்கர் தன் ஊர்த் திரையில் பார்க்க முடியுமா என்ற கேள்வியிலிருந்து வந்தது. பரிசெல்லாம் அப்புறம்தான். அங்கே பெரிய இயக்குநர்களுக்கு நகரத்துச் சாலையில் ஆளுயரச் சிலை வைத்திருக்கிறார்கள். சினிமாக்காரனுக்கு, அதுவும் நடிகனாக இல்லாமல் இயக்குநராக மட்டும் இருந்தவனுக்கு, எத்தனை ஊரில் சிலை இருக்கிறது?

சிஸேயையே எடுத்துக்கொள்ளுங்கள். வாகடூகு அவருக்கு 1979-லும் 1983-லும் முதல் பரிசு தந்தது. கான் நடுவர் குழு அவருக்குப் பரிசு கொடுத்தது 1987-ல்தான், ‘யீலென்’ படத்துக்கு. முதலில் கண்டுபிடித்தது யார்? கானின் முதல் பரிசான தங்கப் பனை ஓர் ஆப்பிரிக்கப் படத்துக்குக் கிடைத்தது இதுவரை ஒரே ஒரு தடவை, 1975-ல், அல்ஜீரியாவின் முகமது லக்தர் ஹமினாவுக்கு. அந்தக் கணக்கை வைத்துக்கொண்டு ஒரு கண்டத்தின் சிறந்த இயக்குநர்களை அடையாளம் காண முடியாது. 2025 விழாவில் சிஸேதான் நடுவர் குழுத் தலைவராக இருந்திருக்க வேண்டும், தொடங்க மூன்று நாள் இருக்கும்போது மாலியின் தலைநகர் பமாக்கோவில் காலமாகிவிட்டார்.

சரி, இப்போது முதல் கேள்வி. எடையில்லாத பரிசாக இருந்தால் பெண்களுக்குக் கிடைக்கவில்லையே என்று நான் கவலைப்பட மாட்டேன். பரிசுச் சிலை என்ன தெரியுமா? குதிரை மேல் ஈட்டியோடு ஒரு பெண். யென்னெங்கா, புர்கினாவின் மோசி மக்கள் தங்கள் குலத்தாயாகக் கொண்டாடும் இளவரசி. போரில் கெட்டிக்காரி என்பதால் அப்பா கல்யாணமே செய்துவைக்காமல் வைத்திருந்தாராம், ஒருநாள் குதிரையில் ஏறித் தப்பிவிட்டாள். அது மட்டுமில்லை, 1969-ல் முதல் விழாவின் ஏற்பாட்டுக் குழுவுக்குத் தலைமை தாங்கியதும் ஒரு பெண்தான், அலிமாத்தா சலம்பேரே. இத்தனைக்கும் பிறகு இந்த நிலைமை.

படம் எடுக்கப் பெண்கள் இல்லை என்று சொல்ல முடியாது. செனகலின் சாஃபி ஃபாய் 1975-லேயே கடலை விவசாயிகளின் கிராமத்தை வைத்து முழுநீளப் படம் எடுத்துவிட்டார். ஆனால் 2015 வரை இந்தப் போட்டிக்கு டிஜிட்டல் படங்களைச் சேர்க்கவில்லை, பிலிமில் எடுத்தால்தான் உண்டு. பிலிம், லேப், பிரிண்ட் எல்லாவற்றுக்கும் வெளிநாட்டுப் பணம் தேடி அலைய வேண்டிய இடத்தில் பெண்கள் முதலில் கழிக்கப்பட்டார்கள் என்றுதான் நான் நினைக்கிறேன். பணம் மட்டும்தான் காரணம் என்றும் சொல்ல மாட்டேன். 2021-ல் இரண்டாம் பரிசு ஹைத்தியின் ஜெசிக்கா ஜெனேயுஸுக்கு, மூன்றாம் பரிசு துனிசியாவின் லைலா பூஸிதுக்கு. 2023-ல் இரண்டாவது புர்கினாவின் அப்போலின் த்ராவோரேக்கு, மூன்றாவது கென்யாவின் ஏஞ்சலா வமாய்க்கு. தொடர்ந்து இரண்டு விழாக்களில் வெள்ளியும் வெண்கலமும் பெண்களுக்கு, தங்கம் மட்டும் ஆணுக்கு. படம் போட்டிக்குள் வந்துவிட்டது, வெள்ளி வரை வந்துவிட்டது, அந்தக் கடைசிப் படியில் மட்டும் ஏன் நிற்கிறது என்பதற்கு நடுவர் அறைக்குள் இருப்பவர்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

மற்ற இடங்களில் இப்படி இல்லை. துனிசியாவின் கார்தேஜ் விழா தன் முதல் பரிசான தங்கத் தானித்தை 1972-ல் சாரா மால்டரோருக்கு (இன்னொரு படத்தோடு பகிர்ந்து), 1994-ல் முஃபீதா த்லாத்லிக்கு, 2016-ல் கவுதர் பென் ஹனியாவுக்குத் தந்திருக்கிறது. நைஜீரியாவில் தொடங்கிய ஆப்பிரிக்க மூவி அகாடமி விருதில் சிறந்த இயக்குநர் என்றே தனிப் பிரிவு உண்டு. அதை 2009-ல் கென்யாவின் வனூரி கஹியுவும் 2010-ல் கானாவின் ஷர்லி ஃப்ரிம்போங் மான்சோவும் அடுத்தடுத்து வாங்கினார்கள்.

த்லாத்லியின் படத்தை, ‘அரண்மனையின் மௌனங்கள்’, எப்படியாவது பாருங்கள். துனிசிய அரண்மனை ஒன்றின் சமையல்கட்டுதான் கதைக்களம். வேலைக்காரப் பெண்கள் பேசிக்கொண்டே வேலை செய்கிறார்கள், வெளியே சுதந்திரப் போராட்டம் நடப்பது அவர்களுக்கு ரேடியோ வழியாகத்தான் தெரிகிறது. கடைசியில் பெரிய வீட்டு விசேஷம் ஒன்றில் ஒரு வேலைக்காரியின் மகளான அலியா பாட எழுந்து, விருந்தாளிகள் முன்னால் தடைசெய்யப்பட்ட தேசப் பாடலைப் பாடிவிடுகிறாள். அதே நேரம் அவள் அம்மா உள்ளே ஓர் அறையில் கருவைக் கலைக்கப் போய் செத்துக்கொண்டிருக்கிறாள். த்லாத்லி அடிப்படையில் படத்தொகுப்பாளர். பாட்டையும் அலறலையும் அவர் மாற்றி மாற்றி வெட்டும் விதத்தைப் பார்த்த பிறகு இயக்குநர் என்றால் யார் என்பதற்கு எனக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

உங்கள் பட்டியலில் த்ராவோரேயின் ‘சீரா’வையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கல்யாணத்துக்குப் போகும் வழியில் ஆயுதக் கும்பல் தூக்கிப்போகும் ஒரு ஃபுலானிப் பெண்ணின் கதை. புர்கினாவில் பாதுகாப்பு இல்லாததால் மௌரித்தானியாவில் போய்ப் படம் பிடித்தார்கள். 2023-ல் இதைத் தாண்டித் தங்கம் வாங்கியது துனிசியாவின் யூசெஃப் ஷெப்பி எடுத்த ‘அஷ்கால்’. பாதியில் நின்றுபோன கட்டடங்களில் கருகிக் கிடக்கும் உடல்கள், அதைத் துப்புத் துலக்கும் இரண்டு போலீஸ்காரர்கள், அதுவும் நல்ல படம்தான். இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்துவிட்டு, நடுவராக இருந்தால் எதற்குக் கொடுத்திருப்பீர்கள் என்று எழுதுங்கள். என் ஓட்டு ‘சீரா’வுக்கு.