ஸ்போர்ட்ஸ் பைக்கை விற்று க்ரூஸர் வாங்கலாமா?

கேள்வி: வணக்கம் சார். எனக்கு 33 வயது, ஊர் தேவகோட்டை. காரைக்குடியில் ஒரு தனியார் நிறுவனத்தில் வேலை. கைக்கு வருவது மாதம் 48,000 ரூபாய், வீட்டுச் செலவு 32,000. வங்கியில் 2.2 லட்சம் டெபாசிட் இருக்கிறது. 2022-ல் வாங்கிய கேடிஎம் ஆர்சி 390 வைத்திருக்கிறேன். கடன் கட்டி முடித்துவிட்டேன், இன்சூரன்ஸில் இதுவரை க்ளெய்ம் கேட்டதில்லை. நானும் மனைவியும் தனுஷ்கோடி, கொடைக்கானல், மூணாறு என்று டூர் போக ஆசைப்படுகிறோம். ஆனால் ஐம்பது கிலோமீட்டர் தாண்டினால் எனக்கு மணிக்கட்டு வலிக்கிறது, பின்னால் அவளால் உட்காரவே முடியவில்லை. நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டும் க்ரூஸர் வகையில் ராயல் என்ஃபீல்டின் சூப்பர் மீட்டியோர் 650 பார்த்தோம், ஆன்ரோடு 4.90 லட்சம். ஷோரூமில் என் வண்டியை எக்ஸ்சேஞ்சில் 1.45 லட்சத்துக்கு எடுத்துக்கொண்டு, மீதி 3.45 லட்சத்துக்கு 9 சதவீத வட்டியில் நான்கு வருடக் கடன் தருகிறார்கள். வெளியில் ஒருவர் என் வண்டியை 1.75 லட்சத்துக்குக் கேட்கிறார். அப்பத்தா கொடுத்த நகையை அடகு வைத்தால் வட்டி குறையும் என்கிறான் நண்பன். மீட்டியோர் 350 என்றால் 2.45 லட்சத்தில் முடிகிறது, வேகம் போதுமா என்றுதான் தயக்கம். ராத்திரி வண்டியை வாசல் படியில் பலகை போட்டு முகப்புக்குள் ஏற்றித்தான் நிறுத்த வேண்டும். மகளுக்கு நாலு வயது. என்ன செய்யலாம்?

பதில்: வண்டியை மாற்றுங்கள். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆர்சி 390 நல்ல வண்டிதான், ஆனால் ஒருவர் குனிந்து ஓட்டுவதற்காகச் செய்தது. மனைவியையும் பையையும் ஏற்றிக்கொண்டு கொடைக்கானல் போவதற்கு அது ஏற்றதில்லை. மாற்றுவது ஆடம்பரம் என்று வீட்டில் யாராவது சொன்னால் என் பெயரைச் சொல்லுங்கள். ஆனால் 650 வேண்டாம், 350 போதும். அதையும் கடனில்லாமல் வாங்குங்கள்.

முதலில் அந்த 9 சதவீதத்தைப் பார்ப்போம். 3.45 லட்சத்துக்கு வருடம் 9 சதவீதம் என்று நான்கு வருடத்துக்கும் முழுத் தொகைக்கே வட்டி போட்டால் 1,24,200 ரூபாய் வருகிறது. அசலோடு சேர்த்து 48-ஆல் வகுத்தால் மாதத் தவணை 9,775. உங்களுக்குச் சொன்ன தவணை இதை ஒட்டி இருந்தால், அது ஃப்ளாட் வட்டி. நீங்கள் மாதாமாதம் அசலைக் குறைத்துக்கொண்டே வருகிறீர்கள், வட்டி மட்டும் முதல் நாள் இருந்த தொகைக்கே ஓடுகிறது. குறையும் அசலுக்குக் கணக்கிட்டால் இது ஏறக்குறைய 16 சதவீத வட்டி. ஷோரூமில் கேட்க வேண்டியது ஒரே கேள்விதான்: "இது ஃப்ளாட்டா, ரெட்யூசிங்கா?" பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

செலவு போக உங்கள் கையில் மாதம் 16,000 நிற்கிறது. தவணை போனால் 6,225. மகள் படிப்புக்கான சேமிப்பு, நம் பக்கத்தில் மாதம் தவறாமல் வரும் கல்யாணம், காதுகுத்து, மொய், எல்லாம் இதற்குள்தான். டூர் போகவென்று வாங்கிய வண்டி, டூர் போகப் பணமில்லாமல் முகப்பிலேயே நிற்கும். தவணை கட்டுகிறோமே என்று ஞாயிற்றுக்கிழமை பிள்ளையார்பட்டி வரை ஒரு நடை போய் வருவார்கள், அவ்வளவுதான். இப்படி நிறையப் பேரைப் பார்க்கிறேன், மனசு கஷ்டமாக இருக்கிறது.

இப்போது 350 சிசி என்ற கோடு. 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரை உள்ள பைக்குகளுக்கு ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. அதற்கு மேல் போனால் 40 சதவீதம். முன்பு செஸ் என்ற கூடுதல் வரியும் சேர்த்து 31-ஆக இருந்தது. மீட்டியோர் 350-ன் எஞ்சின் 349 சிசி, சூப்பர் மீட்டியோர் 648. வரி ஏறிய அந்த விலை மேல் தமிழ்நாட்டில் ஆயுள் வரி வேறு: ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட வண்டிக்கு 12 சதவீதம். அப்புறம் புது வண்டிக்குக் கட்டாயமான ஐந்து வருட மூன்றாம் நபர் இன்சூரன்ஸ். அது 350 வரை 7,365 ரூபாய், தாண்டினால் 15,117. ஆக 650 வாங்கினால் நீங்கள் கொடுப்பதில் ஒரு பெரிய பங்கு இரும்புக்குப் போவதில்லை, வரிக்கும் வட்டிக்கும் போகிறது.

இதே கோடு விற்கும்போது உங்களுக்குக் கைகொடுக்கும். ஆர்சி 390-ன் எஞ்சின் 373 சிசி. இன்று புதிதாக வாங்குபவர் 40 சதவீத ஜிஎஸ்டி கட்ட வேண்டும். உங்களிடம் வாங்குபவருக்கு அது கிடையாது. 1.75 லட்சம் கேட்பவரிடம் அவசரப்படாமல் பேசுங்கள். எக்ஸ்சேஞ்சில் கொடுத்தால் முப்பதாயிரம் சும்மா போகிறது.

1.75 லட்சத்தோடு டெபாசிட்டிலிருந்து 70,000 எடுத்தால் மீட்டியோர் 350 வந்துவிடுகிறது. மீதி 1.5 லட்சம் நாலரை மாத வீட்டுச் செலவுக்குத் தாங்கும், அதைத் தொடாதீர்கள். கட்டாமல் மிச்சமான தவணையில் மாதம் 5,000 ரூபாயை டூருக்கென்றே ஆர்டி போடுங்கள். வருடத்துக்கு 60,000. பெட்ரோல், அறை வாடகை, சாப்பாடு என்று இரண்டு மூன்று நல்ல பயணங்களை இதில் தாராளமாக முடிக்கலாம். லிட்டருக்கு 25 கொடுக்கும் 650-க்கும் 33 கொடுக்கும் 350-க்கும் வருடம் 12,000 கிலோமீட்டர் ஓட்டினால் 116 லிட்டர் வித்தியாசம். இன்றைய விலைக்கு அது பதினோராயிரம் ரூபாய்க்குக் குறையாது.

வேகம் பற்றிய தயக்கம் நியாயமானது. 43 குதிரைத்திறன் வண்டியிலிருந்து 20-க்கு இறங்குகிறீர்கள். மேலூர் நான்கு வழிச் சாலையில் 80, 90-ல் நிம்மதியாகப் போகலாம். ஆனால் இருவரும் பையுமாக மலையேறும்போது பஸ்ஸை முந்த இப்போது இருக்கும் இழுப்பு இருக்காது. டூருக்கு இது போதும் என்பது என் கருத்து, உங்கள் உடம்புக்குப் போதுமா என்பதை ஓட்டித்தான் பார்க்க வேண்டும். க்ரூஸரில் மணிக்கட்டு தப்பிக்கும். ஆனால் கால் முன்னால் நீண்டிருப்பதால் குழியில் விழும் அடி நேராக இடுப்புக்கு வரும். ஷோரூம் வாசலில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு முடிவெடுக்காதீர்கள். தெரிந்தவர் வண்டியையோ வாடகை வண்டியையோ ஒரு நாள் எடுத்து, மனைவியோடு திருமயம் தாண்டி புதுக்கோட்டை வரை போய் வாருங்கள். இறங்கியதும் முதலில் அவரைக் கேளுங்கள்.

பலகை விஷயத்தைப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள், எனக்கு அது முக்கியமாகப் பட்டது. ஆர்சி 172 கிலோ, மீட்டியோர் 350-ன் எடை 191 கிலோ. சூப்பர் மீட்டியோர் 241. நம் பக்கத்து வீடுகளின் கல் படி உயரத்துக்குப் பலகை செங்குத்தாகவே நிற்கும். மழை நாளில் 241 கிலோவைத் தனியாளாக அதில் ஏற்றி, பாதியில் கை நழுவினால் வண்டியோடு காலும் போகும்.

நகையை எடுக்க வேண்டாம். வட்டி குறையும் என்று நண்பர் சொல்வது சரிதான். ஆனால் வருடா வருடம் வட்டியை மட்டும் கட்டித் திருப்பி வைத்து, அசல் அப்படியே நிற்பது நம் ஊரில் சகஜம். பைக்கோ ஐந்தாவது வருடத்தில் இன்சூரன்ஸ் கணக்கிலேயே பாதி மதிப்புக்கு வந்துவிடும். மதிப்பு இறங்கும் பொருளுக்காக அப்பத்தாவின் நகையை வெளியே அனுப்பினால் ஐந்தொகை, அதாவது சொத்து-கடன் கணக்கு, எந்த நாளும் நேராகாது.

விற்கும்போது வண்டியின் பதிவுச் சான்றில் பைனான்ஸ் பெயர் நீங்கியிருக்கிறதா என்று பாருங்கள். கடன் முடிந்தாலும் அது தானாக நீங்காது. தடையில்லாச் சான்றும் படிவம் 35-ம் கொடுத்து நீக்க வேண்டும். பிறகு 29, 30 படிவங்களில் கையெழுத்துப் போட்டதோடு விட்டுவிடாமல், பெயர் மாறும் வரை பின்தொடருங்கள். பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. க்ளெய்ம் இல்லாததற்கான போனஸ் வண்டியோடு போகாது, உங்களோடு வரும். நான்கு வருடம் க்ளெய்ம் இல்லை என்றால் சொந்தச் சேத பிரீமியத்தில் 45 சதவீதம் தள்ளுபடி. பழைய இன்சூரன்ஸ் கம்பெனியிடம் கடிதம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், மூன்று வருடம் செல்லும்.

கடைசியாக ஒன்று. இவ்வளவு விவரமாக எழுதிய நீங்கள், நமக்கு ஏதாவது ஆனால் குடும்பத்துக்குப் பணம் தரும் டேர்ம் பாலிசி பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. வண்டியோடு கட்டாயமாக வரும் 15 லட்சம் விபத்துக் காப்பு ஓட்டும் உரிமையாளருக்கு மட்டும்தான், பின்னால் உட்காருபவருக்குத் தனியாகக் கேட்டுச் சேர்க்க வேண்டும். மனைவியும் நாலு வயது மகளும் உங்கள் சம்பளத்தை நம்பி இருக்கிறார்கள். குறைந்தது 60 லட்சத்துக்கு டேர்ம் பாலிசி எடுங்கள். தனிநபர் ஆயுள் காப்பீட்டு பிரீமியத்துக்கு அதே செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி கிடையாது. பைக் ஓட்டுவதை விண்ணப்பத்தில் மறைக்காதீர்கள். பாலிசி கைக்கு வந்த பிறகு வண்டியை புக் செய்யுங்கள்.