12,000 ரூபாய் சம்பளம், நெல்லை டவுனில் பத்து மாத வாடகையை அட்வான்ஸாகக் கேட்கிறார்கள்: சட்டப்படி சரியா?

சரி என்றும் சொல்லலாம், அதுதான் சிக்கல். தமிழ்நாட்டின் 2017 வாடகைச் சட்டம் (2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்தது) மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது என்கிறது, ஆனால் ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொண்டால் அதுவே செல்லும் என்று ஒரு வாலையும் சேர்த்து வைத்திருக்கிறது, அதனால் பத்து மாதத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டால் முடிந்தது கதை. அதற்கு முன்னாலேயே பேசிக் குறையுங்கள்.

அப்புறம் கரண்ட் பில். வளவு வீடுகளில் (ஒரே வளாகத்துக்குள் பல குடித்தனங்கள் இருக்கும் வீடுகள்) பல இடங்களில் நாலைந்து குடும்பத்துக்கு ஒரே இணைப்பு, ஆளுக்கொரு சப் மீட்டர். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பது இணைப்புக்குத்தான், குடும்பத்துக்கு இல்லை. எல்லோருடைய யூனிட்டும் சேர்ந்து மேல் ஸ்லாபுக்கு ஏறிவிடும், அந்தச் சுமை உங்கள் தலையில்தான் விழும். தனி மீட்டர் என்றால், ஒரு ஃபேன், இரண்டு லைட், டிவி மட்டும் ஓடும் வீட்டுக்குப் பில்லே வராமல் போகலாம். வாடகை கொஞ்சம் கூட என்றாலும் அதையே பாருங்கள்.

ஒத்திக்குப் போகலாமா, அதாவது மொத்தமாக ஒரு தொகையைக் கொடுத்து வாடகையில்லாமல் குடியிருந்து, காலி செய்யும்போது அதைத் திரும்ப வாங்கிக்கொள்வது? மொத்தமாகப் பணம் இருந்தால் போகலாம், மாத வாடகை மிச்சம். ஆனால் நகையை அடகு வைத்துக் கொண்டுபோய் வெறும் ஸ்டாம்ப் பேப்பரை நம்பிக் கொடுக்காதீர்கள், ஒத்தியைப் பத்திரமாகப் பதிவு செய்தே ஆக வேண்டும். வில்லங்கச் சான்றும் போட்டுப் பாருங்கள், அந்த வீட்டின் மேல் ஏற்கெனவே பேங்க் கடன் இருக்கலாம்.