“அவ விழுந்தப்போ எனக்கு சந்தோஷம் வந்துச்சுங்க”

வணக்கமுங்க மேடம்,

எனக்குப் பத்தொம்பது வயசு. பள்ளிபாளையத்துலங்க வீடு. அப்பா தறி ஓட்டறாரு. விடியறதுக்குள்ள பஸ் புடிச்சு, காவேரிப் பாலம் தாண்டி ஈரோட்டுக்குப் பிராக்டீஸுக்குப் போவேன். 400 மீட்டர். பிளஸ் டூ முடிக்கற வரைக்கும் எங்க கிரவுண்டுல நாந்தான் முதல். காலேஜ் சீட்டே ஸ்போர்ட்ஸ் கோட்டாவுலதான் கெடச்சுது.

போன வருசம் கோபிப் பக்கமிருந்து ஒரு புள்ள வந்து சேந்தா. ரெண்டு வயசு சின்னவ. அக்கா அக்கான்னு பின்னாலயே சுத்துவா. அவங்கம்மா கட்டிக் குடுக்கற அரிசிம்பருப்புல பாதி எனக்குத்தான். ஆறே மாசத்துல என்னைத் தாண்டிட்டா. அவ 57.9. நான் 58.4ல இருந்து 59.6க்குப் போயிட்டேன். உடம்பு கனமா இருக்குன்னு ராத்திரிச் சோத்தை விட்டுட்டேன். மூணு மாசமா பீரியட்ஸும் வரலை, பிராக்டீஸுக்கு அதுவும் வசதியாத்தான் இருக்கு.

போன மாசம் டைம் டிரையல். கடைசி நூறுல எனக்கு நாலடி முன்னால ஓடிட்டு இருந்தவ, திடீர்னு தொடையைப் புடிச்சுட்டு உக்காந்துட்டா. அந்த நொடி எனக்குள்ள ‘அப்பாடா’ன்னு ஒரு சந்தோஷம் வந்துச்சுங்க. அப்புறம் நானும் நின்னுட்டேன். ஓடிப்போய் ஐஸ் எடுத்துட்டு வந்து, அவ ஸ்பைக்ஸைக் கழட்டி விட்டேன். “நீ ஏன்க்கா நின்னே, முடிச்சிருக்கலாமல்ல”ன்னு அழுதா. அந்த வார்த்தை இன்னும் தூங்க விடமாட்டேங்குது.

அப்பா, “ரெண்டாவது வந்தவளை எவன் ஞாபகம் வெச்சிருப்பான்”ங்கறாரு. ராத்திரி ஷிப்ட்டும் சேத்து ஓட்டி எனக்கு ஸ்பைக்ஸ் வாங்கிக் குடுத்தவரு அவரு. கோவிச்சுக்க முடியலைங்க. நான் கெட்டவளா? இந்த வெசனத்தோட ஸ்டேட் மீட்டுக்குப் போறதா வேண்டாமா?

பேர் போட வேண்டாமுங்க,
பள்ளிபாளையம்

*

அம்முணி,

நீ மனம் கனத்து எழுதியிருக்கும் விஷயம் என்னைப் பயமுறுத்தவில்லை. போகிற போக்கில் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போனாயே, அதுதான் பயமுறுத்துகிறது. அதையே முதலில் பேசிவிடுவோம்.

இத்தனை கடுமையாகப் பயிற்சி எடுக்கும் பெண் ராத்திரிச் சோற்றை விட்டால், உடம்பு தானாகவே சிக்கனம் பிடிக்கும். உயிர் வாழ அவசரமில்லாத வேலைகளை ஒவ்வொன்றாக நிறுத்தும். மாதவிடாய் அப்படித்தான் நிற்கிறது. அப்படியே விட்டால் எலும்பு வலுவிழந்து, ஓடுகிற காலிலேயே மயிரிழை விரிசல் விழலாம். விளையாட்டு வீரர்களுக்கு வரும் இந்தக் கோளாறுக்கு ‘ரெட்-எஸ்’ என்று பெயர் வைத்து, 2014இல் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டியே எச்சரித்தது. இதில் ஓட்டமும் மந்தமாகும். நீ 59.6க்கு இறங்கியதில் உன் பட்டினிக்குப் பங்கிருக்கும் என்றுதான் எனக்குப் படுகிறது. மாதவிடாய் தள்ளிப்போக வேறு காரணங்களும் உண்டு. அதனால் இந்த வாரமே அம்மாவோடு போய் மகளிர் மருத்துவரைப் பார். கோச்சிடம் சொல்லக் கூச்சமாக இருந்தால் அம்மா சொல்லட்டும். ராத்திரிச் சாப்பாட்டை இன்றைக்கே ஆரம்பி. ஸ்டேட் மீட்டுக்குப் போவதா என்பதை மருத்துவரைப் பார்த்த பிறகு முடிவு செய்யலாம். உன் குற்ற உணர்ச்சி அதை முடிவு செய்ய வேண்டாம்.

இனி அந்த ‘அப்பாடா’. ஆறு மாதமாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த பாரம் ஒரு நொடி இறங்கியது, அவ்வளவுதான். மனதில் சட்டென்று எழுவதற்கு யாரும் அனுமதி கொடுப்பதில்லை. அதற்கடுத்த நொடி நீ செய்தது உன் கையில் இருந்தது. நான்கடி முன்னால் போனவள் உட்கார்ந்துவிட்டாள், பாதை காலியாகக் கிடந்தது, நீ நின்றாய். ஐஸ் எடுக்க ஓடினாய். கெட்டவளா என்று கேட்கிறாய். உன் கால்கள் அன்றைக்கே பதில் சொல்லிவிட்டன கண்ணு.

அந்த ‘அப்பாடா’வை அவளிடம் சொல்லி மன்னிப்புக் கேட்காதே. உன் மனது லேசாகும், பாரம் அவள் தலையில் ஏறும். அவள் தொடை தேறும்வரை வாரம் ஒருமுறை கோபிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வா, போதும்.

முதலில் வர வேண்டும் என்ற ஆசையை விட்டுவிடு என்று நான் சொல்லமாட்டேன். அது இல்லாமல் விடியுமுன் பஸ் ஏற முடியாது. ஆனால் ஒரு வருடமாக நீ அவள் முதுகைப் பார்த்தே ஓடுகிறாய். 2016 ரியோ ஒலிம்பிக்கில் உன்னுடைய அதே 400 மீட்டரை தென்னாப்பிரிக்க வீரர் வேய்ட் வான் நீகெர்க் எட்டாவது லேனில் ஓடினார். அந்த லேனின் கஷ்டம் உனக்கே தெரியும். வெளி வட்டம் நீளம் என்பதால் எல்லோருக்கும் முன்னால் நிறுத்திவிடுவார்கள், கண்ணுக்கு எதிரே ஒரு முதுகுகூட இருக்காது. அவர் 43.03 விநாடியில் முடித்தார். 1999இல் மைக்கேல் ஜான்சன் ஓடிய 43.18 என்ற உலக சாதனை அன்றைக்கு உடைந்தது. ஒரு நோட்டுப் போடு. முதல் இருநூறு, கடைசி நூறு, தூக்கம், சாப்பாடு, எல்லாம் உன்னுடையது மட்டும். அவளுடைய டைமிங் ஒன்றுகூட அதில் ஏறக் கூடாது.

அப்பாவிடம் நம்ம பக்கத்துப் பிள்ளை, சேலம் பெரியவடகம்பட்டி மாரியப்பன் தங்கவேலுவைப் பற்றிப் பேசு. பாராலிம்பிக் உயரம் தாண்டுதலில் ரியோவில் தங்கம், டோக்கியோவில் வெள்ளி, பாரிஸில் வெண்கலம். நிறத்தை மட்டும் பார்த்தால் இறங்குமுகம் மாதிரித்தான் தெரியும். ஆனால் பாரிஸ் நடந்த அதே 2024இல், மே மாதம் ஜப்பானின் கோபே நகரில் 1.88 மீட்டர் தாண்டி உலக சாம்பியன் ஆனதும் அவர்தான்.

அப்பா கேட்டதில் தப்புத் தேடாதே. ராத்திரி ஷிப்ட்டு ஓட்டியவருக்கு உன் ஓட்டத்தில் தெரிவது முடிவு மட்டும்தான், நடுவில் நடப்பதை அவர் பார்த்ததே இல்லை போலிருக்கிறது. மருத்துவர் ஓடலாம் என்று சொன்ன பிறகு, தறிக்கு லீவு விடும் நாளில் அவரையும் பஸ்ஸில் கூட்டிப் போ. கையில் ஸ்டாப் வாட்ச்சைக் கொடுத்து, முந்நூறாவது மீட்டரில் நிற்க வை. கால் கல்லாகிப்போகும் அந்த இடத்தில் உன் முகம் எப்படி இருக்கும் என்று அவர் ஒரு தடவை பார்க்கட்டும்.