புது வாணலியும் கூண்டுக் கிளியும்

கேள்வி: சமையலறையை ஒட்டிய கூடத்தில் இரண்டு பட்ஜி கிளிகள் வளர்க்கிறோம். புதிதாக ஒரு நான்ஸ்டிக் வாணலி வாங்கினோம். "இதில் பி.எஃப்.ஓ.ஏ. கிடையாது, பறவைக்கும் ஒன்றும் ஆகாது" என்றார் கடைக்காரர். ஜன்னலைத் திறந்துவைத்துச் சமைத்தால் போதுமா?

பதில்: போதாது. கடைக்காரர் சொன்னதில் முதல் பாதி உண்மையாக இருக்கலாம், இரண்டாவது பாதி அவராகச் சேர்த்துக்கொண்டது. பி.எஃப்.ஓ.ஏ. என்பது வாணலியின் நான்ஸ்டிக் பூச்சைத் தயாரிக்கும்போது பயன்படுத்தி வந்த ஒரு ரசாயனம். அது இல்லை என்றால் நல்லதுதான். ஆனால் கிளியைக் கொல்வது அந்தப் பூச்சேதான், அதாவது டெஃப்லான் என்று நாம் சொல்லும் பி.டி.எஃப்.இ. சுமார் 260 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் அது சிதையத் தொடங்கி, நச்சு வாயுவையும் கண்ணுக்குத் தெரியாத நுண்துகள்களையும் வெளிவிடும். வெறும் வாணலியைப் பெரிய தீயில் வைத்துவிட்டு போன் பேசப் போனால் சில நிமிடங்களிலேயே அந்தச் சூடு வந்துவிடும். புகையோ வாடையோ தெரிந்தால்தான் ஆபத்து என்று காத்திருக்காதீர்கள்.

அந்தக் காற்றை நாம் சுவாசித்தால் காய்ச்சல், உடம்புவலியோடு பெரும்பாலும் போய்விடும். பறவையின் நுரையீரல் அப்படியில்லை. மூச்சை இழுக்கும்போதும் விடும்போதும் அதற்குள் புதுக்காற்று ஓடிக்கொண்டே இருக்கும். பறக்க அது வரம், நச்சுக்காற்றில் அதுவே வினை. பிரிட்டன் நிலக்கரிச் சுரங்கங்களில் 1986 வரை விஷவாயுவைக் கண்டுபிடிக்கக் கேனரி என்ற சிறு பறவைகளை வைத்திருந்தது இதனால்தான்.

இந்த எச்சரிக்கை எங்கே இருக்கும் தெரியுமா? இருந்தால், கையேட்டின் கடைசியில், பூதக்கண்ணாடி வைத்துப் படிக்கும் எழுத்தில். 'ஆரோக்கியமான சமையல்' மட்டும் அட்டை முழுக்க. செத்த கிளியைத் துணியில் சுற்றிக்கொண்டு வருபவரிடம் ஒவ்வொரு முறையும் இதை நான் விளக்க வேண்டியிருக்கிறது.

செராமிக் வாங்கலாமா என்பீர்கள். பி.டி.எஃப்.இ. இல்லாத செராமிக் பூச்சு என்றால் வாங்கலாம். ஆனால் 'செராமிக் வலுவூட்டியது', 'கல் பூச்சு', 'கிரானைட்' என்ற பெயர்களில் வருபவற்றில் பலவும் உள்ளே அதே பி.டி.எஃப்.இ. பூச்சுதான். பெயரைப் பார்க்காதீர்கள், நிறத்தையும் பார்க்காதீர்கள். 'பி.டி.எஃப்.இ. இல்லை' என்று எழுத்தில் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். இல்லையென்றால் எவர்சில்வரும் வார்ப்பிரும்பும் எங்கேயும் போய்விடவில்லை. அதிலும் எண்ணெயைக் கருகவிட்டால் அந்தப் புகையும் கிளிக்கு ஆகாது.

அயர்ன் பாக்ஸ், ஏர் ஃப்ரையர், சில ஹீட்டர்கள் இவற்றிலும் இதே பூச்சு இருக்கலாம். ரூம் ஸ்ப்ரே, வாசனை மெழுகுவர்த்தி, ஊதுபத்தி, கொசுவத்தி, சிகரெட், புது பெயின்ட் எதுவும் கூண்டு இருக்கும் அறையில் வேண்டாம்.

முதலில் கூண்டைச் சமையலறையிலிருந்து தூரமாக, கதவு மூடக்கூடிய அறைக்கு மாற்றுங்கள். கிளி வாயைத் திறந்து மூச்சுவிட்டாலோ, மூச்சுக்கு மூச்சு வால் ஆடினாலோ, கம்பியிலிருந்து விழுந்தாலோ உடனே வெளிக்காற்றுக்குக் கொண்டுபோய், அப்படியே மருத்துவரிடம் கிளம்புங்கள். பறவைக் கடையில் 'மூச்சுத்திணறல் சொட்டு' என்று எதையாவது நீட்டுவார்கள், வாங்காதீர்கள். இதற்கு மாற்றுமருந்து கிடையாது. ஆக்சிஜன் கொடுத்துப் பார்க்கலாம், அவ்வளவுதான். எல்லாக் கால்நடை மருத்துவரும் பறவை பார்ப்பதில்லை, எல்லா இடத்திலும் ஆக்சிஜன் கூண்டும் இல்லை. யாரிடம் இருக்கிறது என்று இன்றைக்கே விசாரித்து, போன் நம்பரை ஃப்ரிட்ஜில் ஒட்டிவையுங்கள்.