ஆன்மிக நூல்கள் தரும் மனநல யோசனை: யாரை, எதுவரை நம்பலாம்?

ராமநாதபுரத்தில் நடந்த வாசகர் கூட்டம் ஒன்றில், மருத்துவ உளவியலாளராகப் பணியாற்றி ஓய்வு பெற்ற உறுப்பினரிடம் கேட்கப்பட்ட கேள்விகளும், அவர் எழுதித் தந்த பதில்களும்.

கேள்வி (கீழக்கரை வாசகி): மேடம், என் அக்கா மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிட்டு வருகிறார். ஈமான் (இறைநம்பிக்கை) உறுதியாக இருந்தால் இந்த நோய் அண்டாது என்று ஒரு பெரிய ஆலிம் (மார்க்க அறிஞர்) எழுதியிருப்பதைப் படித்துவிட்டு, மாத்திரையை நிறுத்தப் பார்க்கிறார். அவ்வளவு ஓதியவரை நாங்கள் எப்படிக் குறை சொல்வது?

பதில்: அவரைக் குறை சொல்லவே வேண்டாம், அம்மா. அவர் படித்தது எது என்று மட்டும் பாருங்கள். தொழுகை, நோன்பு, சொத்துப் பங்கீடு ஆகியவற்றில் அவருடைய சொல்லுக்கு ஒரு கனம் உண்டு. மாத்திரையை நிறுத்தலாமா என்ற கேள்விக்கு அந்தக் கனம் தானாக வந்து சேராது. மனச்சோர்வு மாத்திரைகளைச் சட்டென்று நிறுத்தினால் சில நாட்களிலேயே தலைசுற்றல், தூக்கமின்மை, படபடப்பு வரக்கூடும். போகப்போகப் பழைய நோயும் திரும்பக்கூடும். அதனால்தான் இப்படிப்பட்ட நூலைக் கையில் எடுத்ததும், மருந்தைப் பற்றி அதில் என்ன எழுதியிருக்கிறது என்பதை நான் முதலில் தேடுகிறேன். மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள் என்று எழுதியவர் தம் எல்லையை அறிந்தவர். மருந்தைப் பற்றி வாயே திறக்காதவரைச் சற்று ஐயத்தோடு படிக்கலாம். நிறுத்தச் சொன்னவரை, மற்றப் பக்கங்கள் எவ்வளவு நன்றாக இருந்தாலும், மனநல விஷயத்தில் அந்த ஒரு பக்கத்துக்காகவே ஒதுக்கிவிடலாம்.

அக்காவிடம் மார்க்கத்தின் வழியாகவே பேசிப் பாருங்கள். 934-இல் மறைந்த அபூ ஸைத் அல்-பல்கீ என்ற அறிஞர், காரணம் தெரிந்த துயரத்தையும், வெளியில் ஒரு காரணமும் புலப்படாமல் வரும் துயரத்தையும் பிரித்துக் காட்டி, இரண்டாவதன் வேர் உடலில் இருக்கிறது என்று கருதி, அதற்கு உடல்சார்ந்த மருத்துவத்தையும் சொன்னவர். ஆயிரம் ஆண்டுக்கு முன்பே இஸ்லாமிய அறிவு மரபுக்குள் நின்று அவர் எழுதியதை இன்றைய நூல் தாண்டிச் செல்லாவிட்டாலும், அதற்குப் பின்னால் நிற்கக் கூடாது அல்லவா?

இன்னொரு அடையாளமும் உண்டு. இருதுருவ மனநோய்க்கு லித்தியம் என்ற மருந்து சாப்பிடுபவர் நோன்பு வைக்கும்போது, நம் பக்கத்து வெயிலில் உடலில் நீர் குறைந்தால், ரத்தத்தில் லித்தியத்தின் அளவு நச்சாகும் வரை ஏறக்கூடும். ரமலானுக்கு முன்பே மருத்துவரைப் பார்த்து, நோன்பு வைக்கலாமா, மருந்தை எந்த வேளைக்கு மாற்றுவது என்று கேட்டுக்கொள்ளுங்கள் என ஓர் ஆலிம் எழுதியிருந்தால், அவர் மருத்துவர்களோடு உட்கார்ந்து பேசியிருக்கிறார் என்று பொருள். அவரை நான் தயங்காமல் பரிந்துரைப்பேன்.

கேள்வி (தேவிபட்டினம் வாசகர்): நூலின் அட்டையில் ஆசிரியர் பெயருக்கு முன்னால் 'டாக்டர்' என்று இருக்கிறதே?

பதில்: அது இறையியலிலோ இலக்கியத்திலோ பெற்ற முனைவர் பட்டமாக இருக்கலாம், யாரோ மேடையில் வழங்கிய கௌரவப் பட்டமாகவும் இருக்கலாம். மருத்துவர் என்றால் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலின் பதிவேட்டில் பெயரைத் தேடிப் பார்க்க முடியும். மருத்துவ உளவியலாளர் என்றால் 1992-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு இருக்க வேண்டும். அதன் பிறகும் ஒரு வார்த்தை: பதிவு பெற்ற மருத்துவர் கண் மருத்துவராகவும் இருக்கலாம்.

கேள்வி (தங்கச்சிமடம் வாசகி): எங்கள் வீட்டில் இருக்கும் ஜெப நூலில் பாதிக்கு மேல் சாட்சிகள்தான். மனநோயிலிருந்து விடுதலை பெற்றதாக அத்தனை பேரும் பொய்யா சொல்வார்கள்?

பதில்: பொய் சொல்கிறார்கள் என்று நான் சொல்லமாட்டேன். ஜெபித்தும் குணமாகாதவர் யாரும் அந்த நூலுக்குக் கடிதம் எழுதுவதில்லை. எழுதினாலும் அச்சில் வருவதில்லை. கரை சேர்ந்த படகுகளை மட்டும் எண்ணிவிட்டுப் புயலே அடிக்கவில்லை என்று சொல்ல முடியுமா? மேலும், மனச்சோர்வு பலருக்குச் சில மாதங்களில் தானாகவே தணிவதுண்டு. அந்தச் சமயத்தில் எதைச் செய்துகொண்டிருந்தோமோ அதற்குப் பெயர் போய்ச் சேரும். சாட்சி சொன்னவர் கூடவே மாத்திரையும் சாப்பிட்டாரா என்பதை நூல் பெரும்பாலும் சொல்வதில்லை.

குணமாகாதவரைப் பற்றி நூல் என்ன சொல்கிறது என்பதையும் பாருங்கள். 'உன் விசுவாசம் போதவில்லை', 'மறைத்து வைத்த பாவம் இருக்கிறது' என்று எழுதியிருந்தால், அந்த ஆசிரியர் தோற்கவே முடியாத ஆட்டம் ஆடுகிறார்: குணமானால் பெருமை அவர் முறைக்கு, ஆகாவிட்டால் பழி நோயாளிக்கு. ஏற்கெனவே தன்னைத்தானே குற்றம் சொல்லிக்கொண்டு படுத்திருப்பவரிடம் இந்தப் பக்கம் செய்யும் கேட்டை நான் நேரில் பார்த்திருக்கிறேன். உங்கள் திருச்சபையே இதில் நிதானமாகத்தான் இருக்கிறது. கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டத்தின் 1172-ஆம் பிரிவின்படி, ஆயரின் வெளிப்படையான அனுமதி இல்லாமல் எவரும் முறையான பேயோட்டும் சடங்கை நடத்த முடியாது. அதைவிடத் துணிச்சலாக ஒரு நூல் பேசினால் பங்குத்தந்தையிடம் காட்டிக் கேளுங்கள்.

கேள்வி (ராமேஸ்வரம் வாசகர்): என் மருமகளுக்குக் குழந்தை பிறந்து ஒரு வாரம்தான் ஆகிறது. தூங்குவதில்லை, தானாகப் பேசுகிறாள், குழந்தையை யாரோ மாற்றிவிட்டார்கள் என்கிறாள். இது பித்ரு தோஷம் என்று ஒரு சுவாமிகளின் நூலில் படித்தேன். நம்பகமானதா?

பதில்: ஐயா, நூலை மூடிவிட்டு இன்றைக்கே அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள், தாயையும் குழந்தையையும் தனியே விடாதீர்கள். நீங்கள் சொல்லும் அறிகுறிகள் பிரசவத்துக்குப் பிந்தைய மனப்பிறழ்வாக இருக்கலாம். அது அவசர நிலை. தாய், சேய் இருவர் உயிருக்கும் ஆபத்து உண்டு. சிகிச்சை பெற்றால் நன்றாகக் குணமாகக்கூடியதும்கூட. அக்னி தீர்த்தம் உங்கள் ஊரிலேயே இருக்கிறது, திதியும் தர்ப்பணமும் பிறகு நிதானமாகச் செய்துகொள்ளலாம். இப்படிப்பட்ட நூல்களின் கடைசிப் பக்கத்தையும் ஒருமுறை பாருங்கள்: தாயத்தின் படம், விலை, கைபேசி எண். மந்திரத்தாலும் தாயத்தாலும் நோய் தீரும் என்று விளம்பரம் செய்வதற்கு எதிராக 1954-லேயே மத்திய அரசு சட்டம் கொண்டுவந்திருக்கிறது.

கேள்வி (மண்டபம் வாசகர்): 'பிரார்த்தனையின் பலனை ஆய்வுகள் நிரூபித்துவிட்டன' என்று எழுதுகிறார்களே?

பதில்: எந்த ஆய்வு, யார் செய்தது, எந்த ஆண்டு என்ற மூன்றும் இல்லாவிட்டால் அந்த வரியைக் கடந்து போங்கள். அமெரிக்காவில் ஹெர்பர்ட் பென்சன் குழுவினர் இதய பைபாஸ் அறுவை செய்துகொண்ட சுமார் 1,800 பேரை ஆராய்ந்து, 2006-இல் முடிவை வெளியிட்டார்கள். பிறர் அவர்களுக்காகப் பிரார்த்தித்ததால் சிக்கல்கள் குறையவில்லை. அதே வேளையில், இறைவன் துணை நிற்கிறான் என்று எண்ணுபவர்களைவிட, இறைவன் தண்டிக்கிறான் என்று எண்ணுபவர்கள் கூடுதலாக வாடுகிறார்கள் என்பதைக் கென்னத் பர்கமெண்ட் போன்ற உளவியலாளர்கள் காட்டியிருக்கிறார்கள். ஆகவே, நம்பிக்கை மனத்தைத் தொடுகிறது என்பது உண்மை; எந்தத் திசையில் தொடுகிறது என்பதை ஆசிரியரின் எழுத்தும் தீர்மானிக்கிறது.

கேள்வி (ஏர்வாடி வாசகர்): எங்கள் ஊரைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாரும் 2001 தீ விபத்தைச் சொல்லி தர்காவையே குற்றவாளி ஆக்குகிறார்கள். இதுவும் நம்பகமற்ற எழுத்துதானே?

பதில்: ஒரு பாதி உண்மை. அந்த ஆகஸ்ட் 6-ஆம் தேதி தீப்பற்றியது தர்காவில் அல்ல, தனியார் நடத்திய மனநோயாளர் காப்பகத்தில்; சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்ததால் தப்ப முடியாமல் 28 பேர் இறந்தார்கள். ஆனால் நேர்ச்சைக்காக நோயாளியை மாதக்கணக்கில் இங்கே விட்டுச் செல்லலாம் என்ற எண்ணத்தை நம்பிதான் அந்தக் காப்பகங்கள் பிழைத்தன என்பதையும் மறைக்கக் கூடாது. இன்று உங்கள் ஊரில் துவாவோடு (பிரார்த்தனையோடு) மருந்தும் கொடுக்கும் திட்டம் இருக்கிறது. எந்த வடிவிலும் சங்கிலியால் பிணைப்பதை 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 95-ஆம் பிரிவு தடை செய்கிறது. புண்ணியத் தலத்தில் தங்கச் சொல்லும் நூல் இந்த இரண்டையும் சொல்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி (பாம்பன் வாசகி): என் தம்பி இலங்கைச் சிறையிலிருந்து வந்த பிறகு தூங்குவதே இல்லை, கடலுக்கும் போவதில்லை. பைபிளையும் ஒரு போதகரின் நூலையும் தவிர எதையும் தொடமாட்டான். பறித்துவிடட்டுமா?

பதில்: வேண்டாம், அம்மா. அவருக்கு இப்போது இருக்கும் ஒரே பிடிமானம் அதுவாக இருக்கலாம். அந்த நூலை நீங்களும் ஒருமுறை முழுதாகப் படித்து, மருந்தையும் குற்றவுணர்வையும் பற்றி நான் மேலே சொன்ன பக்கங்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லாவிட்டால் அது அவரிடமே இருக்கட்டும். அவர் மதிக்கும் போதகரிடமோ பங்குத்தந்தையிடமோ பேசி, 'மருத்துவமனைக்குப் போ, தம்பி, நானும் வருகிறேன்' என்று அவரைக் கொண்டே சொல்ல வையுங்கள். உங்கள் வாயால் வருவதைவிட அது எடுபடும். நேரில் போவதற்கு முன் பேசிப் பார்க்க 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண் இரவு பகலாக இயங்குகிறது. கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம். அவர் பேச மறுத்தால் நீங்களே அழைத்து, வீட்டில் அவரிடம் எப்படி நடந்துகொள்வது என்று கேளுங்கள்.