இசைக் கேள்வி பதில்: அறுபதுகளின் சோல் இசை

கேள்வி: பீட்டில்ஸ், ரோலிங் ஸ்டோன்ஸ் போன்ற ராக் குழுக்களின் பாடல்களை விரும்பிக் கேட்பவன் நான். ஆனால் அதே அறுபதுகளில் வந்த அமெரிக்கக் கறுப்பினத்தவரின் சோல் (soul) பாடல்களைக் கேட்கும்போது பாடகர்கள் கத்துவதாகவே தோன்றுகிறது; எல்லாப் பாடல்களும் ஒன்றுபோல் ஒலிக்கின்றன. இவற்றை எப்படிக் கேட்டு ரசிப்பது?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: ஒரே பாடலை இருவர் குரலில் அடுத்தடுத்துக் கேளுங்கள். சோல் பாடகர் ஓடிஸ் ரெடிங் 1965இல் எழுதிப் பாடிய ‘ரெஸ்பெக்ட்’ என்ற பாடலை, இரண்டாண்டுகள் கழித்துப் பாடகி அரீதா ஃபிராங்க்ளின் பாடினார். உழைத்துவிட்டு வீடு திரும்பும் கணவன் தன் மனைவியிடம் மரியாதையை வேண்டுவதாக ரெடிங் பாடியதை, அரீதா ஒரு பெண்ணின் உரிமைக் குரலாக மாற்றினார். தலைப்புச் சொல்லை எழுத்தெழுத்தாகக் கூட்டிப் பாடும் புகழ்பெற்ற இடம் ரெடிங்கின் பாடலில் கிடையாது. அது அரீதாவின் பதிவில்தான் வருகிறது. அங்கே பின்னணியில் பாடும் அவருடைய சகோதரிகளைக் கவனியுங்கள். அரீதா ஓர் அடி பாடியதும் சகோதரிகள் அதற்குப் பதில் சொல்கிறார்கள், அடுத்த அடியை நோக்கி அவரை உந்துகிறார்கள்.

நீங்கள் கத்தல் என்று எண்ணுவதன் வேர் இங்கேதான் இருக்கிறது. அரீதாவின் தந்தை டெட்ராய்ட் நகரத்துத் தேவாலயம் ஒன்றின் புகழ்பெற்ற போதகர். போதகர் ஒரு வாக்கியம் சொல்ல, சபை உரத்த குரலில் மறுமொழி சொல்வது கறுப்பின மக்களின் வழிபாட்டு முறை. அந்த முறையில் வளர்ந்த குரல், சொற்களால் மட்டும் சொல்ல முடியாததை உடைந்தும் உயர்ந்தும் சொல்லிவிடப் பார்க்கிறது. அரீதா உச்சத்துக்குப் போகும் இடங்களை மட்டும் கேட்காமல், அதற்குச் சற்று முன்பு எவ்வளவு அடக்கிப் பாடுகிறார் என்பதையும் கேட்டால், அந்த உயர்வு எவ்வளவு கணக்காக வருகிறது என்பது புரியும்.

அடுத்து வாத்தியங்கள். ரெடிங்கின் பாடல்கள் மெம்ஃபிஸ் நகரில், ஸ்டாக்ஸ் இசைத்தட்டு நிறுவனம் ஒலிப்பதிவுக் கூடமாக மாற்றிய ஒரு பழைய திரையரங்கில் பதிவாயின. சரிந்த தரையை அப்படியே விட்டுவிட்டதால் அந்தக் கூடத்துக்கென்றே ஓர் ஆழ்ந்த ஒலி அமைந்தது. அங்கே வாசித்த புக்கர் டி குழுவில், நிறவெறி கோலோச்சிய தென்மாநிலத்தில், கறுப்பினத்தவரும் வெள்ளையரும் ஒன்றாக அமர்ந்து வாசித்தார்கள் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் நெஞ்சு நெகிழ்கிறது. 1965 முதல் அவர்களுடைய பல பாடல்களில் டிரம்ஸ் கலைஞர் அல் ஜாக்சனும் கிட்டார் கலைஞர் ஸ்டீவ் க்ராப்பரும் நான்கு தட்டுகள் கொண்ட தாளத்தின் இரண்டாவது, நான்காவது தட்டுகளை இம்மியளவு தாமதித்து வாசித்தார்கள். கையால் தாளம் போட்டுக்கொண்டே கேளுங்கள். உங்கள் தட்டு விழுந்த பிறகே அவர்களுடைய தட்டு விழும். அந்தத் தாமதத்தைக் காது ஒருமுறை பிடித்துவிட்டால், எல்லாப் பாடல்களும் ஒன்றுபோல் இருப்பதாக மறுபடி தோன்றாது.

கேள்வி: அப்படியானால் ராக் இசைக்கும் சோல் இசைக்கும் உறவு உண்டா?
– வாசகி, திருச்சி

பதில்: நெருங்கிய உறவு, இருவழி உறவு. பீட்டில்ஸ் 1963இல் வெளியிட்ட இரண்டாவது இசைத்தட்டிலேயே டெட்ராய்டின் மோடவுன் என்ற சோல் இசைத்தட்டு நிறுவனத்திலிருந்து வந்த பாடல்கள் மூன்று உள்ளன. ரோலிங் ஸ்டோன்ஸின் ‘சாட்டிஸ்ஃபாக்‌ஷன்’ பாடலைத் தொடங்கிவைக்கும் கிட்டார் வரியை, ஊதுகருவிகள் வாசிக்கவேண்டியது என்றே அக்குழுவின் கிட்டார் கலைஞர் கீத் ரிச்சர்ட்ஸ் மனத்தில் கொண்டிருந்தார். அந்தப் பாடல் வெளிவந்த 1965ஆம் ஆண்டிலேயே ரெடிங் அதைப் பாடியபோது அந்த வரியை ஊதுகருவிகளே வாசித்தன. 1967 ஜூனில் கலிஃபோர்னியாவின் மாண்டரே இசை விழாவில், பெரும்பாலும் ராக் இசைக்காகத் திரண்டிருந்த கூட்டத்தை ரெடிங் தன்வசப்படுத்தினார். அந்த டிசம்பரிலேயே, 26 வயதில், விமான விபத்தில் அவர் இறந்தது ஈடுசெய்ய முடியாத இழப்பு. இறப்பதற்குச் சில நாட்களுக்கு முன் அவர் பதிவுசெய்த ‘டாக் ஆஃப் தி பே’ பாடலில், சோல் குரலும் ராக் இசையின் ஆற அமரச் சொல்லும் பாங்கும் ஒன்றுகலந்திருக்கின்றன.

கேள்வி: கைபேசியில் கேட்டால் போதுமா?
– வாசகர், மதுரை

பதில்: அதன் சிறிய ஒலிபெருக்கி போதாது, ஹெட்ஃபோன் அணிந்து கேளுங்கள். மோடவுன் பாடல்களின் உயிரே ஜேம்ஸ் ஜேமர்சன் வாசித்த, தாழ்ந்த சுரங்களுக்கான பேஸ் கிட்டாரில் இருக்கிறது. ஆள்காட்டி விரல் ஒன்றாலேயே தந்திகளை மீட்டி, பாட்டின் மெட்டுக்கு அடியில் இன்னொரு மெட்டையே அவர் ஓடவிடுவார். சிறிய ஒலிபெருக்கியில் அது ஏறக்குறைய முழுவதுமாக மறைந்துபோகும். அறுபதுகளில் மோடவுன் இசைத்தட்டுகளில் வாத்தியக் கலைஞர்களின் பெயர்களை அச்சிடும் வழக்கம் இல்லாததால், இவரைப் பெயர் சொல்லிக் கேட்கத் தொடங்குவதே நல்லது. ஃபோர் டாப்ஸ் குழுவின் ‘பெர்னடெட்’ பாடலை முதலில் கேளுங்கள்.